புது புரோகிராமுக்குப் பிள்ளையார் சுழி
(சாப்ட்வேர் அச்சுகள் வந்த கதை)

பேனாவை எடுத்ததும் தாளின் தலையில் ஒரு பிள்ளையார் சுழி போடுவது நம் வழக்கம். மளிகை லிஸ்ட் ஆகட்டும், கல்யாண ஜவுளிக் கணக்கு ஆகட்டும், முதலில் 'உ', அப்புறம்தான் விஷயம். சாப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கும் இப்படி ஒரு சுழி உண்டு. புதிதாக ஒரு பேக்கேஜ் ஆரம்பிக்கும்போது இன்று யாரும் வெறும் ஃபோல்டரில் தொடங்குவதில்லை. ஏற்கெனவே ஒருவர் செய்து வைத்த 'டெம்ப்ளேட்' ஒன்றை எடுத்து, பேர், ஊர் மாற்றி, அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

"கம்ப்யூட்டர் சம்பந்தமாக எழுதுங்கள், ஆனால் சிவில், மெக்கானிக்கல்காரர்களுக்கும் புரிய வேண்டும்" என்று மலர்க் குழுவினர் அன்புக் கட்டளை போட்டுவிட்டார்கள். புரோகிராம் எழுதும் வித்தையைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. புரோகிராமின் முதல் வரிக்கு முன்னால் நடக்கிற காரியத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. அதற்கும் அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. நம் ஜூனியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு எச்சரிக்கையும் அதில் அடங்கியிருக்கிறது.

ஃபவுண்டரி ஞாபகம் இருக்கிறதா?

எந்தப் பிராஞ்சாக இருந்தாலும் ஒர்க்ஷாப் என்று ஒன்று நம் எல்லோருக்கும் பொது. ஃபவுண்டரியில் மரத்தில் செய்த 'பேட்டர்ன்' ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஈர மணலை இடித்து, பேட்டர்னை மெதுவாக எடுத்தால் மணலில் அதன் அச்சு நிற்கும். அந்தப் பள்ளத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றினால் வார்ப்பு தயார். ஆறும்போது உலோகம் சுருங்கும் என்பதால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வார்கள். அந்தக் கணக்கு தப்பினால் ஒரு வார்ப்போடு போகாது; அந்தப் பேட்டர்னில் வருகிற நூறு வார்ப்பும் தப்பு.

சாப்ட்வேர் டெம்ப்ளேட்டும் ஒரு பேட்டர்ன்தான். நல்ல அச்சாக இருந்தால் ஆயிரம் பேருக்கு வேலை மிச்சம். ஓட்டை அச்சாக இருந்தால் ஆயிரம் பேர் வீட்டிலும் ஓட்டை. இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பக்கத்து மேஜையைப் பார்த்து எழுதிய காலம்

1959-ல் அமெரிக்காவில் அரசாங்கமும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் சேர்ந்து உட்கார்ந்து உருவாக்கிய மொழி கோபால். அதன் முதல் வரையறை 1960-ல் வந்தது. எந்த கோபால் புரோகிராமாக இருந்தாலும் அதற்கு நான்கு பிரிவுகள்: ஐடென்டிஃபிகேஷன், என்விரான்மென்ட், டேட்டா, புரொசீஜர். உருப்படியான வேலை நடப்பது கடைசிப் பிரிவில். முதல் மூன்றும் கிரையப் பத்திரத்தில் வருகிற "இன்னாருக்கு இன்னார் எழுதிக் கொடுத்தது என்னவென்றால்" மாதிரியான சமாச்சாரம். அதை ஒவ்வொரு முறையும் புதிதாக அடித்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? பத்திர எழுத்தர் பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதுப் பத்திரம் எழுதுகிற மாதிரி, பழைய புரோகிராமை எடுத்து மாற்றி எழுதினார்கள். "உலகத்தில் கோபால் புரோகிராமை முதலிலிருந்து எழுதியவர் ஒரே ஒருத்தர்தான், மற்றவை எல்லாம் அதன் காப்பி" என்று அந்தக் காலத்து புரோகிராமர்களிடையே ஒரு கிண்டல் கூட உண்டு.

1964-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மெஷின்களில் வேலையை ஓட்டுவதற்கு ஜேசிஎல் என்ற கட்டளை மொழி இருந்தது. அதன் இலக்கணம் படு கரடுமுரடு. அந்த ஆபரேட்டிங் சிஸ்டம் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸே பிற்காலத்தில் அதை மிக மோசமான மொழி என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படிப்பட்ட மொழியைக் கற்றுக்கொண்டு எழுதுவதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கார்டு கட்டை வாங்கி, நாலு கார்டை மாற்றி வைப்பது சுலபம். உள்ளே என்ன இருக்கிறது என்று புரியாவிட்டாலும் வேலை ஓடியதா, போதும்!

இதுதான் டெம்ப்ளேட்டின் முதல் அவதாரம். அதற்கு அப்போது பெயர்கூட கிடையாது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் காப்பி.

ஒரு டேபின் கதை

1976. அமெரிக்காவின் பெல் லேப்ஸ். ஸ்டீவ் ஜான்சன் என்ற புரோகிராமர் ஒரு காலைப் பொழுதை முழுசாக வீணாக்கிவிட்டுக் கோபமாக ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனின் அறைக்குள் வந்தார். சரியாக இருந்த புரோகிராமில் இல்லாத தப்பைத் தேடியிருக்கிறார். தப்பை ஏற்கெனவே திருத்தியாயிற்று. திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் செய்யத்தான் மறந்துபோயிற்று. எந்த ஃபைல் மாறியதோ அதை மட்டும் தானாகவே கம்பைல் செய்கிற ஒரு டூல் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று ஃபெல்ட்மேன் எழுதியதுதான் 'மேக்'. 2003-ல் ஏசிஎம் அமைப்பின் சாப்ட்வேர் விருது இதற்காக அவருக்குக் கிடைத்தது.

மேக் வந்ததும் ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் 'மேக்ஃபைல்' என்று ஒரு ஃபைல் கட்டாயமாகிவிட்டது. அதில் கட்டளை வரி எல்லாம் 'டேப்' கீயோடுதான் தொடங்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் அடித்தால் ஓடாது. கண்ணுக்கு வித்தியாசமும் தெரியாது. இப்படி ஒரு விதி எதற்கு? முதல் வெர்ஷனில் ஏதோ வசதிக்காக வைத்தது. அதைச் சரிசெய்யலாம் என்று ஃபெல்ட்மேன் நினைப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் உபயோகிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரும்பாலும் சிநேகிதர்கள். அவர்களுக்குத் தொந்தரவு தர வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேரின் சௌகரியத்துக்காக, அரை நூற்றாண்டு கழித்தும் லட்சக்கணக்கான பேர் டேப் கீயைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்!

நம் சப்ஜெக்ட்டுக்கு இது முக்கியம். மேக்ஃபைலையும் யாரும் முதலிலிருந்து எழுதுவதில்லை. போன புராஜெக்ட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். அச்சில் ஒரு வடு இருந்தால் அது பரம்பரையாக இறங்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

"அப்படி ஒரு டூல் இருக்கிறதா?"

காப்பி அடிப்பதிலிருந்து அச்சு செய்வதற்கு உலகம் நகர்ந்த அந்தத் தருணத்தை ஓரளவு துல்லியமாகவே சுட்டிக்காட்ட முடியும். 1991 ஜூன் மாதம். டேவிட் மெக்கன்ஸி என்பவர் க்னூ அமைப்பின் பல சிறு புரோகிராம்களைப் பராமரித்து வந்தார். அப்போது யூனிக்ஸில் பத்து கம்பெனி, பத்து விதம். ஒரு மெஷினில் இருக்கிற வசதி இன்னொன்றில் கிடையாது. மேக்ஃபைலில் சுமார் இருபது விருப்பங்களை உபயோகிப்பவரே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைமை. மெக்கன்ஸி ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினார். 'கான்ஃபிகர்' என்று பெயர். மெஷினை அதுவே சோதித்துப் பார்த்து விடையைக் கண்டுபிடித்துவிடும்.

நன்றாக வேலை செய்தது. அடுத்த மாதம் அதைக் கையாலேயே மாற்றி மற்ற பேக்கேஜ்களுக்கும் போட்டார். உபயோகித்தவர்கள் குறை சொல்லச் சொல்ல, ஒரு திருத்தத்தை எல்லா ஸ்கிரிப்ட்டிலும் தேடித் தேடி ஒட்டினார். பேக்கேஜ்கள் கூடக்கூட, இது கட்டுப்படியாகாத வேலை என்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, க்னூ கிராஃபிக்ஸ் புரோகிராம்களைப் பராமரித்து வந்த ரிச் மர்ஃபி என்பவரிடமிருந்து ஒரு கடிதம்: ஸ்கிரிப்ட்கள் பிரமாதம், இவற்றைத் தயாரித்துத் தருகிற டூல் ஏதாவது வைத்திருந்தால் எனக்கும் அனுப்ப முடியுமா? அப்படி ஒன்று அவரிடம் இல்லை. ஆனால் இருக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் அவருக்கு உறைத்தது. அப்படிப் பிறந்ததுதான் 'ஆட்டோகான்ஃப்'.

ஒரே திருத்தத்தைப் பத்து இடத்தில் ஒட்டுகிறவன் ஒரு நாள் பதினோராவது இடத்தை மறப்பான். அச்சை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, பிரதிகளை மெஷின் தயாரிக்கட்டும் என்ற எண்ணம் இங்கேதான் உறுதிப்பட்டது.

பிறகு 1994 வாக்கில் 'ஆட்டோமேக்' என்ற துணை டூல் வந்தது. அது கொஞ்சம் கண்டிப்பான வாத்தியார். ரீட்மீ, நியூஸ், ஆதர்ஸ், சேஞ்ச்லாக் என்ற ஃபைல்கள் ஃபோல்டரில் இல்லாவிட்டால் வேலையை நிறுத்திவிடும். நல்ல நோக்கம்தான்: எழுதியவர் யார், என்ன மாறியது என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டும். ஜனங்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பெயரில் நான்கு காலி ஃபைல்களை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். வாத்தியார் பெயரைத்தான் பார்ப்பார், உள்ளே பார்க்க மாட்டார்!

நாம் சிரிக்கலாம். ரெக்கார்டு நோட்டில் எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், கடைசியில் ரிசல்ட், "இவ்வாறாக புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதுவும் ஒரு டெம்ப்ளேட்தானே? படிவம் பூர்த்தியாவது வேறு, காரியம் பூர்த்தியாவது வேறு.

பெர்ல் போட்டுக் கொடுத்த எலும்புக்கூடு

1994-ல் பெர்ல் மொழியின் ஐந்தாம் வெர்ஷன் வந்தது. மறு வருஷமே, உலகத்தில் யார் எழுதிய பெர்ல் பேக்கேஜையும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி 'சிபான்' என்ற பொதுக் களஞ்சியம் திறக்கப்பட்டது. பெர்லோடு கூடவே 'எச்-டு-எக்ஸ்எஸ்' என்று ஒரு டூல் வரும். சி மொழி ஹெடர் ஃபைலிலிருந்து பெர்லுக்குப் பாலம் போடத்தான் அதைச் செய்தார்கள். ஆனால் போகிற போக்கில் ஒரு முழு பேக்கேஜுக்கான ஃபோல்டரையும் அது போட்டுக் கொடுத்தது: மாட்யூல் ஃபைல், மேக்ஃபைல் தயாரிக்கும் ஸ்கிரிப்ட், ஃபைல் பட்டியல், மாற்றக் குறிப்பு, சோதனை. சி மொழியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள்கூட அந்த ஃபோல்டருக்காகவே அதை உபயோகித்தார்கள். முறுக்கு அச்சை வாங்கி இடியாப்பம் பிழிகிற கதைதான்.

இதனால் விளைந்த நன்மை பெரிசு. எல்லா பேக்கேஜும் ஒரே அமைப்பில் இருந்ததால், முன்பின் தெரியாதவர் எழுதியதைக்கூட ஒரே மாதிரி கட்டளைகளில் நிறுவலாம், சோதிக்கலாம். சோதனைக்கு என்று இடம் முதல் நாளே போட்டிருந்ததால் அதில் ஏதாவது எழுத வேண்டும் என்ற பழக்கம் வந்தது. 1998-ல் சிபான் டெஸ்டர்ஸ் என்ற தொண்டர் குழு, வருகிற பேக்கேஜ்களைப் பலவிதமான மெஷின்களில் ஓட்டிப் பார்த்து முடிவைச் சொல்ல ஆரம்பித்தது. அமைப்பு ஒன்றாக இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா?

ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த டூல் விளக்கவுரைக்கும் ஒரு மாதிரியை எழுதி வைக்கும். அதில், இதை எழுதியவர் மாதிரி உரையை மாற்றக்கூட அக்கறைப்படாதவர் போலிருக்கிறது என்கிற பொருளில் ஒரு குத்தல் வரி. மாற்றினால் அந்த வரி போய்விடும். மாற்றாமலே உலகத்துக்கு வெளியிட்டவர்களும் இருந்தார்கள். தன்னைத்தானே திட்டிக்கொண்டு அந்த பேக்கேஜ்கள் சிபானில் உட்கார்ந்திருந்தன!

கேள்வி கேட்கும் விசார்டும் வழக்கமே சட்டமும்

விண்டோஸ் பக்கம் 1993-ல் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் வந்தது. அதில் 'ஆப்விசார்ட்' என்று ஒன்று. திரையில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும்: ஒரு ஜன்னலா, பல ஜன்னலா? டூல்பார் வேண்டுமா? பிரின்ட் வசதி வேண்டுமா? கடைசியில் பட்டனை அழுத்தினால், ஒரு வரிகூட நாம் எழுதாமலே மெனுவோடு ஓடுகிற ஒரு புரோகிராம். "இங்கே உங்கள் கோடை எழுதுங்கள்" என்று ஆங்காங்கே குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பு இருந்த இடத்தில் மட்டும் எழுதி, மற்ற பக்கங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் காலம் தள்ளிய புரோகிராமர்கள் ஏராளம்.

ஜாவாவில் 2004-ல் 1.0 ஆக வெளியான 'மேவன்' வேறு வழியைப் பிடித்தது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு புராஜெக்ட்டும் தனித்தனியாக ஏன் எழுதி வைக்க வேண்டும்? மெயின் கோடுக்கு ஒரே இடம், டெஸ்ட் கோடுக்கு ஒரே இடம் என்று வழக்கத்தையே சட்டமாக்கிவிட்டது. அதே 2004-ல் டேவிட் ஹைனமையர் ஹான்சன் வெளியிட்ட 'ரூபி ஆன் ரெயில்ஸ்', 2005-ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து ஒரு செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து வெளிவந்த 'ஜாங்கோ', இரண்டுமே ஒரு கட்டளையில் முழு ஃபோல்டர் அமைப்பையும் விரித்து வைத்தன. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் சமையல்கட்டில் உப்பு எங்கே, புளி எங்கே என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. எல்லா வீட்டிலும் ஒரே அலமாரி.

ஜாங்கோவில் ஒரு நல்ல ஜாக்கிரதையைக் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் ஒரு ரகசியச் சாவி உண்டு. அச்சிலேயே ஒரு சாவியை எழுதி வைத்தால் ஊர் முழுக்க ஒரே சாவி ஆகிவிடும் அல்லவா? அதனால் புராஜெக்ட் தொடங்கும்போதே புதிதாக ஒன்றை உருட்டிப் போடுகிறது. அதையும் மாற்றாமல் அப்படியே நிஜ சர்வரில் ஏற்றுகிறார்கள் என்று தெரிந்து, 2021-ல் வந்த 3.2 வெர்ஷனிலிருந்து அந்தச் சாவியின் முன்னாலேயே 'பாதுகாப்பற்றது' என்று பொருள்படும் ஒரு வார்த்தையையும் சேர்த்து எழுதுகிறது. சாவியிலேயே எச்சரிக்கைச் சீட்டு!

பிஸ்கட் அச்சு

2013-ல் ஆட்ரி ராய் கிரீன்ஃபெல்ட் 'குக்கிகட்டர்' என்ற டூலை எழுதினார். பிஸ்கட் மாவை வெட்டும் அச்சு என்று அர்த்தம். அதுவரை ஒவ்வொரு மொழியும் தன் அச்சைத் தானே வைத்திருந்தது. இவரோ, அச்சு என்பது வெறும் ஃபோல்டர். அதில் மாற வேண்டிய இடங்களில் இரட்டை அடைப்புக்குறி போட்டு வையுங்கள். டூல் கேள்வி கேட்டு அந்த இடங்களை நிரப்பிக் கொடுக்கும் என்றார். ஆக, அச்சு செய்வதையே யாரும் செய்யக்கூடிய வேலையாக்கிவிட்டார். பைத்தான் பேக்கேஜுக்காக அவர் செய்த அச்சைப் பார்த்து எத்தனையோ பேர் தங்கள் தங்கள் துறைக்கு அச்சு செய்துகொண்டார்கள். 2019-ல் கிட்ஹப் தளமும் எந்த புராஜெக்ட்டையும் 'டெம்ப்ளேட்' என்று குறித்து, ஒரு பட்டனில் புதுப் பிரதி எடுக்கிற வசதியைக் கொடுத்தது.

இன்று ஒரு நல்ல அச்சில் என்னதான் இருக்கும்? நம் ஜூனியர்களுக்காகச் சொல்கிறேன். பேக்கேஜின் பெயர், வெர்ஷன், அதற்குத் தேவையான மற்ற பேக்கேஜ்கள் எழுதிய ஒரு ஃபைல். எப்படி நிறுவுவது, ஓட்டுவது என்று சொல்லும் ரீட்மீ. யார் எந்த நிபந்தனையில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் லைசென்ஸ். மெயின் கோடுக்கு ஒரு ஃபோல்டர், சோதனைக்கு ஒரு ஃபோல்டர், அதில் பெயருக்காவது ஒரு சோதனை. எந்த ஃபைலைக் களஞ்சியத்தில் சேர்க்கக் கூடாது என்ற பட்டியல். ஒவ்வொரு முறை கோடு மாறும்போதும் சோதனைகளைத் தானாக ஓட்டும் ஏற்பாடு. இவ்வளவையும் ஒரு புது ஆள் தானாக யோசித்து வைக்க வருஷங்கள் ஆகும். அச்சு அதை ஒரு நிமிஷத்தில் கையில் கொடுக்கிறது. அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, இதை மறந்துடாதே" என்று சொல்வதற்குச் சமம். இந்தப் பெருமையை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது.

பிரதி எடுத்த பிறகு?

சிக்கல் அதற்கு அப்புறம்தான். வார்ப்பு வெளியே வந்தபின் பேட்டர்னைத் திருத்தினால் வார்ப்பு திருந்தாது. சோதனைகளைத் தானாக ஓட்ட 'டிராவிஸ்' என்ற சேவை 2011-லிருந்து திறந்தமூல புராஜெக்ட்களுக்கு இலவசமாகக் கிடைத்து வந்தது. ஏகப்பட்ட அச்சுகளில் அதற்கான ஃபைல் ஒட்டிக்கொண்டிருந்தது. 2021-ல் அந்த இலவசத் தளம் மூடப்பட்டது. அச்சு வைத்திருந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள். அதிலிருந்து முன்னமே பிறந்த புராஜெக்ட்கள்? உபயோகமில்லாத அந்த ஃபைலைச் சுமந்துகொண்டே நின்றன.

இதற்கு ஒரு மாற்று வழியை 2016-ல் ஃபேஸ்புக்கின் ரியாக்ட் குழு முயன்றது. 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்ற அவர்களுடைய அச்சு, சிக்கலான அமைப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுக்காமல் தனி பேக்கேஜுக்குள் ஒளித்து வைத்தது. அந்த பேக்கேஜைப் புதுப்பித்தால் எல்லோருக்கும் திருத்தம் போய்ச் சேரும். நல்ல யோசனை. ஆனால் மூலத்தைப் பராமரிக்கிறவர்கள் சோர்ந்துபோனால் நம்பியிருந்தவர்கள் கதி? நாளடைவில் பராமரிப்பு குறைந்து, 2025 பிப்ரவரியில் புது புராஜெக்ட்களுக்கு இனி வேண்டாம் என்று அதை அறிவித்துவிட்டார்கள். 'காப்பியர்', 'கிரஃப்ட்' போன்ற டூல்கள் நடுவழியைப் பிடிக்கின்றன: எந்த அச்சின் எந்த வெர்ஷனிலிருந்து வந்தோம் என்று புராஜெக்ட்டுக்குள்ளேயே எழுதி வைத்து, பிற்பாடு அச்சு மாறும்போது அந்த மாற்றத்தை மட்டும் கொண்டுவந்து சேர்க்கின்றன. பிறந்த வீட்டு விலாசம் கையில் இருந்தால் சீர் வந்து சேரும்.

யாரும் படிக்காத பக்கம்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன எச்சரிக்கைக்கு வருகிறேன்.

லினக்ஸ் மெஷின்களில் ஃபைல்களைச் சுருக்கி வைக்க 'எக்ஸ்இசட்' என்ற பேக்கேஜ் பரவலாக உபயோகத்தில் இருக்கிறது. பல வருஷம் ஏறக்குறைய ஒருவரே அதைத் தாங்கி வந்தார். 2021-லிருந்து ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, கூட்டுப் பொறுப்பாளராகவும் ஆனார். 2024-ன் தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில், சர்வருக்குள் பின்வாசல் வழியாக நுழைய வழிசெய்யும் கோடு கலந்திருந்தது.

அதை எங்கே ஒளித்தார்கள் தெரியுமா? மெயின் கோடில் வெளிப்படையாக வைத்தால் யாராவது படித்துவிடுவார்கள். விஷத்தின் பெரும்பகுதி சோதனை ஃபோல்டரில், சுருக்கிய மாதிரி ஃபைல்கள் என்ற வேஷத்தில் இருந்தது. அதை எழுப்பிவிடும் முதல் வரிகள், ஆட்டோகான்ஃப் உபயோகிக்கும் ஒரு துணை ஃபைலில் இருந்தன. எல்லா பேக்கேஜிலும் வழக்கமாகக் காணப்படுகிற, பார்த்ததும் 'அது கிடக்கட்டும்' என்று எல்லோரும் தாண்டிப் போகிற ஃபைல். அந்த மாற்றப்பட்ட ஃபைல் பொதுக் களஞ்சியத்தில்கூட இல்லை. வெளியிடப்பட்ட கட்டில் மட்டும்தான் இருந்தது. முப்பது வருஷப் பழக்கத்தில் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்கள் ஆயிரக்கணக்கான வரிகளாக வளர்ந்துவிட்டன. டூல் தயாரித்ததுதானே என்று மனுஷர் யாரும் அவற்றைப் படிப்பதில்லை. எதிரி அந்தப் பழக்கத்தைத்தான் ஆயுதமாக்கினான்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் என்ஜினியர். வேறு ஏதோ வேலையாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, சர்வரில் லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை செகண்ட் அதிகமாவதைக் கவனித்தார். அரை செகண்ட்தானே என்று விடாமல் நூலைப் பிடித்துக்கொண்டே போனார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். பெரும்பாலான சர்வர்களுக்கு அந்த வெர்ஷன் போய்ச் சேருவதற்கு முன்பே தடுக்கப்பட்டுவிட்டது. ஏன் அரை செகண்ட் என்று ஒருத்தர் கேட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது.

அச்சு யோசனையை மிச்சப்படுத்துகிறது. அதுதான் அதன் லாபம், அதுவேதான் அதன் அபாயமும். இப்போது ஏ.ஐ. உதவியாளர்களிடம் ஒரு வரி சொன்னால் முழு ஃபோல்டரும் தயாராகி வருகிறது. வேகம் கூடியிருக்கிறது, கேள்வி மாறவில்லை. இதில் இருக்கிறது எல்லாம் என்ன, ஏன் என்று யாருக்காவது தெரியுமா?

நம் காலேஜுக்கு ஒரு அச்சு

டர்போ சி நீலத் திரையில் 'வாய்ட் மெயின்', 'சிஎல்ஆர்எஸ்சிஆர்', 'கெட்ச்' என்று மந்திரம் போல அடித்த தலைமுறைகள் இந்த மலரை வாசிக்கின்றன. மெயின் என்பது முழு எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்று சி மொழியின் 1989 ஸ்டாண்டர்டே சொல்கிறது. அப்படியும் நம் மாநிலத்து லேப்களில் பல வருஷங்கள் அந்த மந்திரம்தான் ஓடியது. சீனியர் நோட்டிலிருந்து ஜூனியர் நோட்டுக்கு, அங்கிருந்து அடுத்த பேட்ச்சுக்கு. கோபால்காரர்களைச் சொல்லிச் சிரிக்க நமக்குப் பெரிய தகுதி இல்லை!

அதைவிட மனசுக்குக் கஷ்டமானது ஃபைனல் இயர் புராஜெக்ட்களின் கதி. கெட்டி அட்டை பைண்டிங், போனஃபைட் சர்டிஃபிகேட், நன்றியுரை எல்லாம் அச்சுப்படி கச்சிதமாக இருக்கும். கோடு மட்டும், பின்னட்டை உறைக்குள் ஒரு சிடியாகவோ, யாரோ ஒருவர் பென்டிரைவிலோ போய்விடும். வைவா முடிந்து எக்ஸ்டர்னல் கிளம்பியதும் அதன் ஆயுசு முடிந்தது. அடுத்த வருஷ மாணவர் அதே தலைப்பை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். நாலு பேர் ஆறு மாசம் உழைத்ததை ஐந்தாவது ஆள் தொட்டுத் தொடர முடியவில்லை என்றால், அது புத்திசாலித்தனக் குறைவு அல்ல; அமைப்பு இல்லாத குறை.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு அச்சு இருக்கிற மாதிரி புராஜெக்ட் கோடுக்கும் ஒரு அச்சை நாம் செய்து கொடுப்போம். சின்னதாக இருக்கட்டும்: என்ன செய்கிறது, எப்படி ஓட்டுவது என்ற ரீட்மீ, லைசென்ஸ், தேவையான பேக்கேஜ்களின் பட்டியல் வெர்ஷனோடு, நிஜமாகவே எதையாவது சோதிக்கிற இரண்டு சோதனைகள், 'அடுத்தவர் செய்ய வேண்டியது' என்று ஒரு பக்கம். பத்து ஃபைலுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் இது எதற்கு என்று இரண்டு வரி இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு பேட்ச் அதைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்கட்டும். பராமரிக்க ஆள் இல்லாத அச்சு என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

வைவாவில் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கச் சொல்வோம்: "தம்பி, இந்த ஃபோல்டரில் ஒரு ஃபைலை நான் காட்டுகிறேன். அது எதற்கு இருக்கிறது, சொல்லு பார்க்கலாம்." பதில் தெரிந்தால் அச்சு அவருக்கு வேலை செய்கிறது. தெரியாவிட்டால் அவர் அச்சுக்கு வேலை செய்கிறார்.

மெக்கன்ஸிக்கு 1991-ல் வந்த கடிதம் ஒரே ஒரு கேள்விதான். நம் சங்கத்திலும் யாராவது ஒருவர், "அப்படி ஒரு அச்சு உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டால் போதும். செய்து கொடுக்க நம் பேட்ச்களில் ஆள் பஞ்சம் இல்லை. வரும் கூட்டத்தில் பேசுவோமா, நண்பர்களே?